வாசலைக் குத்திய பாதை

கலியாணமாகி இரண்டு வருடம் மாமியார் காம்பராவில்தான் இருந்தோம். லயம் என்கிற நீண்ட வரிசை வீட்டில் ஒரே அறை. குறுக்கே சேலையைத் திரையாகக் கட்டி அந்தப் பக்கம் ஆறு பேர், இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். அப்படியிருந்தபோது ஒரு நாள் சாயந்திரம் என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்து, "கீழ் லயத்துல கடைசிக் காம்பரா காலியா இருக்காம். வேணுமான்னு கண்டாக்கு ஐயா கேட்டாரு" என்றார். கண்டாக்கு என்றால் தோட்டத் துரைக்குக் கீழே வேலையை மேற்பார்க்கிறவர்.

நான் முதுகிலிருந்த கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை. "வேணும்னு சொல்லிட்டீங்கதானே?" என்று கத்தியேவிட்டேன்.

இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு மேலே இருந்தது எங்கள் தோட்டம். தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோர் மேட்டில் இருந்தது. அங்கிருந்து ஒரு பாதை தேயிலைச் செடிகளை இரண்டாகப் பிளந்துகொண்டு, வளைவே இல்லாமல், சரசரவென்று இறங்கி வரும். அது வந்து முடிகிற இடம் எங்கள் புதுக் காம்பராவின் வாசல். அதனால்தான் அது காலியாகக் கிடந்தது என்பதைக் குடிபோன மறுநாள் பக்கத்துக் காம்பரா அக்கா சொன்னாள். அவள் வேதக்காரி, கழுத்தில் எப்போதும் ஜெபமாலை கிடக்கும்.

"நான் இதையெல்லாம் நம்பக் கூடாது புள்ள. ஆனா பார்த்ததச் சொல்றேன். முன்ன இருந்தவருக்குக் கால் முறிஞ்சிச்சு. ஆடு ரெண்டு செத்துச்சு. கடைசில பொண்டாட்டி அழுது வேற டிவிசனுக்கு மாத்திக்கிட்டுப் போனாங்க. பாதை ஈட்டி மாதிரி வந்து வாசல்லயே குத்துதே!"

எனக்கு அப்போது மூன்று மாதம். திரைக்குப் பின்னால் திரும்பிப் போவதா? முடியவே முடியாது. அன்றைக்கே கோயில் பூசாரியைக் கூட்டி வந்தோம். அவர் வாசலில் நின்று மேட்டைப் பார்த்தார். மேட்டில் ஏறி நின்று வாசலைப் பார்த்தார்.

"தெருக்குத்துதான். நெலைக்கு மேல கண்ணாடி மாட்டுங்க. வர்ற குத்து வந்த வழியே திரும்பிரும். அதுக்கும் அடங்கலன்னா குறுக்க ஒரு மறைப்பு வேணும்."

வீட்டுக்காரர் முகம் சவரம் செய்கிற கண்ணாடியை நிலைக்கு மேல் ஆணியடித்து மாட்டினோம். மறுநாள் காலை வெயில் எதிர் மலையைத் தாண்டியதும் அது பளீரென்று பாதை முழுக்க அடித்தது. எனக்கு ஒரே குஷி. குத்து திரும்பிப் போகிறது பார் என்று நினைத்தேன். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பாதையில் இறங்கி வந்தவர் கண்டாக்கு ஐயா. கண் கூசி, கால் தவறி, பக்கத்து வடிகால் கானுக்குள் முழங்கால் சேற்றில் நின்றார்.

"எவன்டா அது கண்ணாடி காட்டுறவன்?"

கண்ணாடி அன்றே இறங்கியது. குறுக்கே சுவர் கட்டலாமா என்று வீட்டுக்காரர் கண்டாக்கு ஐயாவிடம் கேட்டதற்கு, "லயத்துக்கு முன்னால ஒரு கல்லு வச்சாலும் தொரை பத்துச்சீட்டு கிழிச்சிருவாரு" என்றாராம். பத்துச்சீட்டு கிழிப்பது என்றால் தோட்டத்தை விட்டே அனுப்புவது.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பெரட்டுக் களத்தில் ஆள்கணக்கு எடுக்கும்போது துரையே வந்திருந்தார். கொழுந்துக்காரிகள் வரிசையிலிருந்து நான் தனியே விலகி அவர் முன்னால் போய் நின்றேன். வெள்ளைக்காரத் துரையோடு அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என்னா வேணும்? சுருக்கா சொல்லு."

"மழைக்குத் தண்ணி பாதையோட வந்து காம்பராக்குள்ள பாயுதுங்க தொரை. குறுக்க ஒரு கல்லுக்கட்டு போட்டுக்கிறோம்."

அது உண்மைதான். ஆனாலும் அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "தண்ணி மட்டும்தானா?"

எனக்குப் பொய் வரவில்லை. "பாதையும் குத்துதுங்க."

துரை கண்டாக்கு பக்கம் திரும்பி, "பாதை குத்தறது என்னா?" என்று கேட்டார். கண்டாக்கு தரையைப் பார்த்தார். வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். துரையும் சிரித்துவிட்டார்.

"கட்டு. வேலை நேரத்துல இல்ல."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினோம். ஆற்றிலிருந்து கல் சுமந்தது என் வீட்டுக்காரரும் கொழுந்தன்மாரும். அக்காவின் புருஷன் கானுக்குக் கல் அடுக்கிப் பழகியவர், அவர்தான் சுவரை எழுப்பினார். இடுப்பளவு உயரம், ஒரு முழத்துக்கு மேல் கனம். பிள்ளையாருக்கு மாடம் வைத்தபோது அக்கா, "அப்போ எங்க மாதாவுக்கு?" என்று கேட்டாள். இரண்டு மாடம் வைத்தோம். மேட்டைப் பார்த்துப் பிள்ளையார், லயத்தைப் பார்த்து மாதா.

மகள் பிறந்து முப்பதாவது நாளோ என்னவோ. மழை விடாமல் ஒரு கிழமையாக அடித்துக்கொண்டிருந்தது. மத்தியானம் சற்று வெறித்தது. எங்கள் வாசலை ஒட்டிய சிறு தாழ்வாரத்தை இஸ்தோப்பு என்போம். அங்கே பிள்ளையை ஏணையில் போட்டுவிட்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மேல்மலையில் கொழுந்து எடுத்தவர்கள் ஒரே குரலாகக் கத்தினார்கள்.

"கட்டை! ஏய், கட்டை வருது!"

ஸ்டோர் அடுப்புக்கு அடுக்கி வைத்திருந்த விறகுக் கட்டைகளில் ஒன்று, முட்டுக்கொடுத்த மண் கரைந்ததால் பிடி விட்டிருக்கிறது. தைல மரத்தின் அடிக்கட்டை. மேளத்தைவிடப் பெரிசு. அது பாதையில் புரண்டு, குதித்து, செடிகளை முறித்துக்கொண்டு நேராக என்னை நோக்கி வந்தது. லயக் காம்பராவுக்குப் பின்வாசல் கிடையாது. பிள்ளையை அள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து மூலையோடு மூலையாக ஒட்டி நின்றேன்.

டமாரென்று ஒரு சத்தம். தகரக் கூரை அதிர்ந்தது. பிறகு மழைத்தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்.

எட்டிப் பார்த்தேன். சுவரின் மேல் வரிசைகள் சரிந்து கிடந்தன. கட்டை அதன் மேலே சாய்ந்து, அசையாமல் நின்றது. வாசலுக்கும் அதற்கும் நாலு எட்டுத்தான் இருக்கும்.

லயமே திரண்டு வந்துவிட்டது. தொப்பிகூட இல்லாமல் ஓடி வந்த கண்டாக்கு ஐயா, "புள்ளைக்கு ஒண்ணுமில்லையே? புள்ளைக்கு ஒண்ணுமில்லையே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிள்ளையாரைத் தேயிலைச் செடிக்கடியிலிருந்து தேடி எடுத்தோம். மாதா படம் சேற்றில் கிடந்தது. அக்கா அதைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே, "ரெண்டு பேரும் சேந்துதான் தாங்கிட்டாங்க" என்று சொல்லி அழுதாள், சிரித்தாள். ஸ்டோரில் வேலையாக இருந்த என் வீட்டுக்காரர் அங்கிருந்து எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பிடித்த பிடியை வெகுநேரம் விடவில்லை.

மறுநாள் துரை வந்து, கட்டையிலிருந்து வாசல்வரை தானே காலால் அளந்து பார்த்தார். அடுத்த கிழமை விறகு அடுக்கு ஸ்டோருக்குப் பின்புறம் போனது. பத்து ஆட்கள் வந்து பாதையை லயத்துக்கு முன்பாகவே வெட்டி இடப்பக்கம் வளைத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் புதுப் பாதையில் ஏறினோம், இறங்கினோம், மறுபடியும் ஏறினோம். மண் இன்னும் ஈரமாக, காலடியில் பொதுபொதுவென்று இருந்தது. இஸ்தோப்பிலிருந்து அக்கா கூவினாள்.

"எங்க புள்ள போறீங்க, வர்றீங்க?"

"சும்மாதான் அக்கா!" என்று கூவிவிட்டு, வளைவில் திரும்பி இன்னொரு தடவை மேலே ஓடினேன்.