சென்னியப்பன் மாமா வெளுத்த சேறு

1964ஆம் வருடம் தைப்பூசத்துக்கு மறுநாள் நான் கொச்சிக்குக் கிளம்பினேன். பழனிக்கு நடந்து போனவர்கள் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். என் உளுவை மீன்கள் இரண்டும் பக்கத்து வீட்டுச் சென்னியப்பன் மாமாவின் சிமெண்டுத் தொட்டியில் இருந்தன.

மாமா பனியன் கம்பெனியில் இருபது வருடமாகத் துணி வெளுப்பவர். கடலைப் பார்த்ததில்லை. ஆனால் எந்தக் கிணற்றுத் தண்ணீரையும் நாக்கில் ஒரு சொட்டு விட்டே, அதில் துணி வெளுக்குமா என்று சொல்லிவிடுவார்.

மீன் ஆராய்ச்சி வேலையில் இரண்டு வருடம் கழிமுகங்களாகச் சுற்றிவிட்டு, புன்னைக்காயலிலிருந்து நான்கு உளுவைகளோடும் டின் டின்னாகச் சேற்றோடும் உப்புத் தண்ணீரோடும் ஊர் வந்து, மாமாவின் தொட்டியில் விட்டிருந்தேன். உளுவை தரையோடு கிடக்கும் மீன். வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாகிக் கிண்ணம்போல் இருக்கும். அதைக் கல்லில் பதித்துக்கொண்டு நீரோட்டத்தைத் தாங்கி நிற்கும். சிப்பிக்கடியில் இட்ட முட்டைகளை ஆண் மீன்தான் காக்கும் என்று மீனவர்கள் சொன்னார்கள். அதைக் கண்ணால் பார்க்கத்தான் கொண்டுவந்தேன்.

மூன்றாம் நாள் தொட்டி பளிச்சென்று இருந்தது. மாமா சேற்றை அள்ளி, பிளீச்சிங் பவுடர் போட்டு அலசி, வெள்ளை மணலாகத் திரும்பக் கொட்டியிருந்தார். இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. மற்ற இரண்டும் மணலின் நிறத்துக்கே வெளிறிக் கிடந்தன.

“அழுக்குல கெடக்குதேன்னுதான் கண்ணு...” என்றார்.

ராமாத்தாள் அத்தை விடவில்லை. “என்ற சீலைய ஒருநா அலசிப் போட்டதில்லீங்க. சேத்தைப் போயித் தொவைக்கறீங்களே!”

“அந்தச் சேறுதான் மாமா அதுகளுக்கு ஊடு. தீனியும் அதுலதான்” என்றேன். மத்தியானம் மாமா சாப்பிடவில்லை.

தொட்டியைக் கழுவி, டின்களில் மிச்சமிருந்த சேற்றையும் உப்புத் தண்ணீரையும் விட்டதும் மீன்கள் பழுப்புக்குத் திரும்பின. நல்லவேளையாக ஆணொன்று, பெண்ணொன்று. இவையும் போனால் அவ்வளவுதான். வேலையோ கொச்சிக்குக் கூப்பிட்டுவிட்டது.

“நீ போயிட்டு வா கண்ணு. வெயில்ல வத்துனா உப்பு ஏறும். நல்ல தண்ணி ஊத்தி, நாக்குல வச்சுப் பாத்துக்கறேன்” என்றார் மாமா.

அவருடைய கார்டு கொச்சிக்கும் மங்களூருக்கும் போய், அங்கெல்லாம் நான் இல்லாததால் என் பின்னாலேயே அலைந்து, ஏழு மாதம் கழித்துக் கார்வாரில் கிடைத்தது. கையெழுத்து அத்தையுடையது.

“கண்ணு, உங்க மாமா சொல்லச் சொல்ல எழுதறேன். சிப்பிக்கடியில முட்டை. ஆண் மீனு அஞ்சு நாளா நகராம துடுப்புல விசிறிட்டே கெடந்துச்சு. இவரும் கம்பெனிக்குப் போகாம அதுகூடவே கெடந்தாரு, இது நானா எழுதறது. இனி அவரு சொல்றது. இன்னைக்குக் குஞ்சு பொரிச்சிருச்சு. தூசியாட்டம், கண்ணு மட்டுந்தான் தெரியுது. தொட்டி ரொம்ப அழுக்காத்தான் இருக்குது. நான் தொடவே இல்லை.”