பிச்சம்மாள் முதலில் குதித்த பதுங்குகுழி

மாசானத்தின் மூத்த மகள் பிச்சம்மாள், யாராவது சிரித்துப் பேசினால் முதலில் அவர்கள் கையைத்தான் பார்ப்பாள். எதைக் கொண்டுவந்திருக்கிறார்கள், எதைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று. அது அந்த வீட்டு வழக்கம். மாசானத்துக்குத் தூத்துக்குடியில் கருப்பட்டிக் கடை. உடன்குடிப் பக்கமிருந்து ஓலைச் சிப்பத்தில் வரும் கருப்பட்டியை உடைத்து, நடுவில் ஈரமா மணலா என்று நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குவார். கொண்டுவந்தவர் சொந்தத் தாய்மாமனாக இருந்தாலும் உடைப்பார். அவருடைய தகப்பனார் ஆறுமுகநயினார், பெண் பார்க்கப் போன வீட்டில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு குடித்துப் பார்த்துவிட்டுத்தான் பாயில் உட்கார்ந்தாராம். அந்த வம்சத்துப் பிள்ளை வேறு எப்படி இருக்கும்?

ஏழாம் வகுப்புக்குப் பிச்சம்மாள்தான் சட்டாம்பிள்ளை. பெண்கள் பள்ளிக்கூடம் அது. வாத்தியார் கிருபாநிதி, நாசரேத்துக்காரர், வயசாளி. வகுப்பில் உயரமும் அவள், குரலும் அவள், அவளுடைய அத்தையும் அதே பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளையாக இருந்தவள். அவருக்கு அது போதும். சிலேட்டையும் குச்சியையும் அவள் கையில் கொடுத்துவிட்டார். பேசுகிறவள் பேரைச் சிலேட்டில் எழுதுவாள். எழுதினால் அடி விழும்.

வீட்டிலே மாசானம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். “சட்டாம்பிள்ளையா இருக்குத மட்டும் போ. அது போச்சுன்னா மறுநாளே வீட்டோட இரு. கூட்டத்தோட கூட்டமா உக்காந்து எந்திரிக்க என் மகளை அனுப்பமாட்டேன்.” பிச்சம்மாளுக்கோ எட்டாவது முடித்து, நாசரேத்தில் டீச்சர் டிரெய்னிங் படிக்க வேண்டும். அதனால் அந்தச் சிலேட்டை அவள் சாப்பிடும்போதுகூட மடியில்தான் வைத்திருப்பாள்.

நாற்பத்திரண்டாம் வருஷம் பங்குனியில் கொழும்பில் குண்டு விழுந்தது. அங்கே கடை வைத்திருந்த நம் பக்கத்துச் சனம் கப்பலிலும் தோணியிலுமாக ஊர் திரும்பியது. அப்படித் திரும்பியவர் சிவனணைந்தபெருமாள். அவர் மகள் சண்முகவடிவு, பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே ஏழாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள்.

அன்றைக்கே தொடங்கிவிட்டது. இரண்டு சின்னப் பிள்ளைகளைக் குடத்தில் தண்ணீர் நிறைக்கப் பிச்சம்மாள் அனுப்பினாள். புதுப்பெண்ணும் கூடவே எழுந்தாள்.

“ஏளா, நீ ஏன் எந்திரிக்கே? உன்னை யாரு சொன்னா?”

“குடிக்கது எல்லாரும்தானே? எங்க கொழும்பு ஸ்கூல்ல லீடர்தான் முதல்ல போய்க் குடத்தை எடுப்பா.”

“இங்க சட்டாம்பிள்ளை குடம் தூக்கமாட்டா.”

“சரி, நான்தான் சட்டாம்பிள்ளை இல்லையே. நான் தூக்குதேன்.”

வகுப்பு சிரித்தது. சிரித்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரையும் பிச்சம்மாள் எழுதினாள்.

அதிலிருந்து சண்முகவடிவு யாரிடம் பேசுகிறாள், எத்தனை நேரம் பேசுகிறாள், பேசிவிட்டுத் தன் பக்கம் திரும்புகிறாளா என்று பார்ப்பதே பிச்சம்மாளுக்கு வேலை. பார்க்க முடியாத நேரத்துக்குச் செல்லத்தாயை ஏவிவிட்டிருந்தாள். ஒருநாள் செல்லத்தாய் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“பிச்சம்மா, வேப்பமரத்தடியில எல்லாரையும் வட்டமா உக்காரவச்சிக் கையைத் தூக்கச் சொல்லுதா.”

“எதுக்கு?”

“பாண்டி விளையாடவா, கழங்கு விளையாடவான்னு. கழங்குக்குத்தான் நிறையக் கை.”

“நீ தூக்குனியா?”

செல்லத்தாய் விரலைச் சொடுக்கிக்கொண்டு, “நான் பாதிதான் தூக்குனேன்” என்றாள்.

இன்றைக்குக் கழங்குக்குக் கை தூக்கச் சொல்லுகிறவள் நாளைக்கு எதற்குச் சொல்லுவாள் என்று பிச்சம்மாளுக்குத் தெரியாதா? நேரே போய்க் கேட்டாள். சண்முகவடிவு மறைக்காமல் சொன்னாள். “எங்க வகுப்புல சிங்களப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, பறங்கிப் பிள்ளை எல்லாம் உண்டு. ஒருத்தி அதட்டினா இன்னொருத்தி கேக்கமாட்டா. யாரு வீடு பெருசு, யாரு அத்தை யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அதனால கை தூக்கித்தான் எல்லாம். லீடரும் மாசத்துக்கு ஒரு ஆளு.”

பிச்சம்மாள் இதே கேள்வியை மூன்று நாளில் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் ஒரே பதில். சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. “ஒரு எழுத்து மாறல பாத்தியா? மனப்பாடம் பண்ணி வச்சிருக்கா” என்றாள் செல்லத்தாயிடம்.

ஆடி மாதம் துறைமுகத்துக்கும் குண்டு வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. பள்ளிக்கூடத்து மணலில் நீளமாகப் பதுங்குகுழி வெட்டினார்கள். ஒத்திகை பார்க்க அதிகாரி ஒருவர் வருகிறார், ஒவ்வொரு வகுப்பையும் சட்டாம்பிள்ளைதான் நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்று கிருபாநிதி சார் சொல்லிவிட்டுப் போனார்.

சண்முகவடிவு கிட்டே வந்தாள். “பிச்சம்மா, நீ கடைசியா வா. எங்க ஸ்கூல்ல பழக்கும்போது லீடர் வாசல்ல நின்னு எண்ணி அனுப்பிட்டுத்தான் வருவா.”

கல்யாணமோ கோயில் காரியமோ, பெரியவர் முன்னே போக மற்றவர் பின்னே போவதைத்தான் பிச்சம்மாள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். பின்னால் நிற்கச் சொல்லுகிறாள் என்றால் என்ன அர்த்தம்? தான் பின்னால் நின்றால் அதிகாரி கண்ணில் முதலில் படப்போகிறவள் சண்முகவடிவு!

“கடைசியில நிக்கது அவ்வளவு விசேஷம்னா நீயே நில்லு” என்றாள், வகுப்பு முழுவதும் கேட்க. “இது உனக்குத் தண்டனை. நாளைக்கு எல்லாரும் போனப்புறம்தான் நீ நகரணும்.”

“சரி” என்றாள் சண்முகவடிவு. அந்த ‘சரி’யையும் பிச்சம்மாளால் நம்ப முடியவில்லை.

மறுநாள் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை அடித்ததும் பிச்சம்மாள் பாய்ந்தாள். முதல் ஆளாகக் குழியில் குதித்து, கோடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டு குந்தினாள். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். தலையை எடுத்துப் பார்த்தால், சண்முகவடிவு மட்டும் இன்னும் வாசலில் நிற்கிறாள். அதிகாரி கடிகாரத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“பாத்தியாளா, தனியா நின்னு காட்டுதா” என்று பல்லைக் கடித்தாள் பிச்சம்மாள்.

சண்முகவடிவு சட்டென்று வகுப்புக்குள் ஓடினாள். பெஞ்சுக்கு அடியில் பயந்து சுருண்டு கிடந்த இசக்கித்தாயை, வகுப்பிலேயே சின்னப் பிள்ளை அவள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து குழியில் இறக்கிவிட்டுத் தானும் இறங்கினாள்.

அதிகாரி கேட்டார். “இந்த வகுப்புத் தலைவி யாரு?”

முப்பது விரல் கோடியைக் காட்டியது. தலையெல்லாம் மணலோடு பிச்சம்மாள் எழுந்தாள்.

“வகுப்புல எத்தனை பேரு?”

“முப்பத்தொண்ணு.”

“இப்போ குழியில எத்தனை பேரு?”

பிச்சம்மாள் அப்போதுதான் தலைகளை எண்ணத் தொடங்கினாள். சண்முகவடிவுதான் சொன்னாள். “முப்பத்தொண்ணும் இருக்கோம் சார். சட்டாம்பிள்ளைதான் என்னைக் கடைசியில நிக்கச் சொன்னா.”

“நல்ல ஏற்பாடு” என்று எழுதிக்கொண்டு அவர் அடுத்த வகுப்புக்குப் போனார். கிருபாநிதி சாருக்கு முகமெல்லாம் பல்.

பிச்சம்மாளுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. இவள் ஏன் என்னைக் காப்பாற்றினாள்? பொய்யும் சொல்லவில்லை, நடந்ததையும் சொல்லவில்லை. இனி எப்போது வேண்டுமானாலும் முழுவதையும் சொல்லலாம் அல்லவா? ஆயுசுக்கும் இவளுக்குப் பயந்துகொண்டு இருக்கவா? யோசித்து யோசித்து, சாயங்கால மணி அடிக்குமுன் வாத்தியார் முன்னால் போய் நின்றாள்.

“சார், நான் எண்ணுததுக்கு அவளை நிறுத்தல. தண்டனைக்கு நிறுத்தினேன். இசக்கித்தாய் வராதது எனக்குத் தெரியாது.”

“இதை ஏம்மா இப்போ சொல்லுதே?”

“அவ வந்து சொல்லுததுக்கு முன்னால சொல்லிட்டேன்.”

கிருபாநிதி சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். பிறகு சிலேட்டை வாங்கிச் சண்முகவடிவிடம் கொடுத்தார். அவளோ, “இந்த மாசம் மட்டும் போதும் சார். அடுத்ததுக்குக் கை தூக்கி வேற ஆளு” என்றாள்.

“என்னமும் செய்யுங்க. சத்தம் வராம இருந்தாச் சரி.”

பிச்சம்மாள் வீட்டுக்குப் போகுமுன் செய்தி கடைக்குப் போய்விட்டது. செல்லத்தாயின் அண்ணன் அங்கேதான் மூட்டை தைக்கிறான்.

“போயிட்டுதாமே?” என்றார் மாசானம், இலையிலிருந்து தலையெடுக்காமல். “நாளையிலேருந்து உங்க அம்மைக்கு ஒத்தாசையா இரு.”

பிச்சம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். “போகல ஐயா. மாத்தியிருக்கு. கோயில் திருவிழாவுல மண்டகப்படி மாதிரி. அஞ்சாம் நாள் அரிசிக் கடைக்காரங்களுக்கு, ஆறாம் நாள் நம்மளுக்கு. அவங்க நாளுல அவங்களுக்கு மாலை விழுந்தா நம்ம மரியாதை போச்சுன்னு யாராவது சொல்லுதாங்களா? இந்த மாசம் அவளுக்கு. ஆவணி எனக்கு.”

மாசானத்தின் கை நின்றது. மண்டகப்படிக்காக அவர் கோயிலில் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தவர். அது அவருக்குப் புரிகிற கணக்கு.

“ஆவணி உனக்குன்னு யாரு சொன்னா?”

“எல்லாரும்.”

“சரி. ஆவணி ஒண்ணாந்தேதி வாத்தியார்ட்டயே போய்க் கேட்டுக்கிடுதேன்.”

ஒருவரும் சொல்லவில்லை என்பது அவளுக்கல்லவா தெரியும்! பதினெட்டு நாள் இருந்தது. மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் போய்க் குடத்தை எடுத்தாள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்னமோ இருக்குளா. அந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க” என்றாள் ஒருத்தி.

ஆவணிக்குத் தனக்குக் கை தூக்கச் சொல்லிப் பிச்சம்மாள் வாயைத் திறந்து கேட்கத்தான் வேண்டியிருந்தது. முதலில் செல்லத்தாயிடம் போனாள்.

“என் பேரை எத்தனை தடவை எழுதியிருக்கே?” என்றாள் செல்லத்தாய்.

“பதினாலு.”

“எண்ணி வேற வச்சிருக்கியா! போ, ஆவணிக்கு நானும்தான் கேக்கப்போறேன்.”

இசக்கித்தாயோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நீ என்னை விட்டுட்டுக் குதிச்சியே.”

“இனிமே கடைசியிலதான் வருவேன். நீயே திரும்பிப் பாத்துக்கோ.”

அடுத்த இரண்டு ஒத்திகையிலும் இசக்கித்தாய் நடு வழியில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிச்சம்மாள் கடைசியில்தான் நின்றாள். மற்றவர்களிடமும் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டாள், சண்முகவடிவிடமும்.

ஆடிக் கடைசி நாள் வேப்பமரத்தடியில் கூடினார்கள். செல்லத்தாய்க்குப் பதினாலு கை. பிச்சம்மாளுக்குப் பதினேழு. எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று பிச்சம்மாள் திரும்பவும் தூக்கச் சொல்லித் தானே எண்ணினாள். பதினேழுதான். அதில் ஒன்று சண்முகவடிவின் கை.

கலைந்து போகும்போது அவளை மறித்தாள். “நீ ஏன் எனக்குத் தூக்கினே?”

“நீ வந்து கேட்டியே, அதான்.”

“வேற எதுக்குமில்லையா?”

“வேற எதுக்கு?”

அந்தப் பதிலையும் பிச்சம்மாள் நம்பவில்லை. ஆனாலும் கையை நீட்டிச் சிலேட்டை வாங்கிக்கொண்டாள்.