ஊதாவும் மஞ்சளும்

லீலாவதி குரும்பலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வருபவள். வார்டுகளில் சேரும் சிரிஞ்சு, டியூப், ரத்தம் பட்ட கையுறை எல்லாவற்றையும் பின்பக்கக் கொட்டகைக்குக் கொண்டு சேர்ப்பது அவள் வேலை. போன வருஷம் அங்கே ஒரு மைக்ரோவேவ் எந்திரம் வந்தது. கழிவை அரைத்து, தண்ணீர் தெளித்து, சூடாக்கிக் கிருமியைக் கொல்லுமாம்.

"நெருப்பு இல்ல, கம்பியும் பழுக்கல. அப்பறம் எப்படி சார் சூடாவுது?" என்று பொருத்த வந்தவரிடம் கேட்டாள்.

கண்ணுக்குத் தெரியாத அலை ஈரத்தில் உள்ள தண்ணீரை உலுக்கும், அதில்தான் சூடு பிறக்கும் என்றார் அவர்.

எறையூர் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டும் அவள் கணவன் தங்கசாமி இதைக் கேட்டுப் பயந்தான். "ஒடம்புக்கு ஆவுமா அது? வேற வேல பாத்துக்க."

"கதவ தொறந்தா நின்னுரும்ங்க. நானே தொறந்து பாத்துட்டேன்."

அவளுடைய சந்தேகம் வேறு. கிருமி செத்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

லேப்பில் வேலை பார்க்கும் நந்தினி அதற்காகவே ஊதா நிறத் திரவம் வைத்த இரண்டு சிறு குப்பிகளைக் கொண்டுவந்தாள். உள்ளே சூட்டுக்கு லேசில் சாகாத கிருமி. ஒன்றை எந்திரத்துக்குள், அரைத்த கழிவுக்கு நடுவில் வைத்தாள். மற்றதை ஒப்பிட்டுப் பார்க்க வெளியிலேயே வைத்துக்கொண்டாள். எந்திரம் நின்றதும் இரண்டையும் லேப்பில் கிருமி வளர ஏற்ற ஒரு சூட்டுப் பெட்டியில் வைத்தாள்.

"உசுரோட இருந்தா மஞ்சளாயிரும்க்கா. செத்திருந்தா ஊதாவாவே இருக்கும்."

மறுநாள் வந்ததும் லீலாவதி லேப்புக்கு ஓடினாள். இரண்டுமே மஞ்சள்!

"அய்யய்யோ, சாவலியா?"

எந்திரத்திலிருந்து எடுத்துக் கட்டி, வெளியே போகவிருந்த கழிவு மூட்டைகளை நந்தினி நிறுத்தச் சொன்னாள். கையுறை மாட்டிக்கொண்டு ஒன்றை அவிழ்த்தார்கள். துண்டுகள் காய்ந்து கிடந்தன. மெக்கானிக் வந்து தண்ணீர் தெளிக்கும் குழாயைக் கழற்றினார். போர்வெல் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து துளைகளை அடைத்திருந்தது. ஈரம் இல்லை, அதனால் அலைக்கு உலுக்க ஒன்றுமில்லை. அன்று கேட்ட பதில் லீலாவதிக்கு இப்போதுதான் விளங்கியது.

குழாயைச் சுத்தம் செய்து, எல்லா மூட்டைகளையும் மறுபடி உள்ளே போட்டார்கள், புதுக் குப்பியோடு. இந்த முறை மறுநாளும் அது ஊதாவாகவே இருந்தது.

லீலாவதி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "செத்ததெல்லாம் எங்க நந்தினி? உள்ளதான் கெடக்குதா?"

"உள்ளதான்க்கா. மைக்ரோஸ்கோப்புல பாக்குறீங்களா?"

கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து, லீலாவதி ஸ்டூலில் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டாள்.