இடது மணிக்கட்டின் லாக் புத்தகம்

ம. செபமாலை. பிறப்பு: 11 மே 1968, ஜெகதாப்பட்டினம். படிப்பு: எட்டாம் வகுப்பு. தொழில்: ஐஸ் பிளாண்ட் ஆபரேட்டர், 1991 முதல் 2022 வரை, ஒரே ஆலையில். மனைவி: பொற்கொடி. முதல் டயாலிசிஸ்: 2 நவம்பர் 2022, புதன்கிழமை. அறுவைச் சிகிச்சை: 20 டிசம்பர் 2022, இடது மணிக்கட்டில். கைவசமுள்ள ஆவணங்கள்: ஆலை கழித்துப்போட்ட லாக் புத்தகங்கள் நான்கு, அவர் தம் கைப்பட எழுதிய நோட்டுகள் மூன்று, மருத்துவமனைக் கோப்பு ஒன்று.

செபமாலை என் தந்தையின் தம்பி. கீழே வரும் உரையாடல்கள் பொற்கொடி சித்தியும் டயாலிசிஸ் டெக்னீஷியன் புவனேஸ்வரியும் தனித்தனியாக நினைவுகூர்ந்து சொன்னவை. இருவர் சொன்னதும் ஒத்துப்போன இடங்களை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆலையின் லாக் புத்தகங்களில் பழையது 2004ஆம் ஆண்டினுடையது. அட்டை உப்புக்காற்றில் பொருமியிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் மணிக்கு ஒரு வரி. நேரம், சக்சன், டிஸ்சார்ஜ், ஆயில், குறிப்பு என ஐந்து கட்டங்கள். கம்ப்ரசர் அம்மோனியாவை அழுத்தி ஒரு குழாய் வழியே வெளியே தள்ளும். அது சுற்றிவந்து உப்புத்தண்ணீர்த் தொட்டியைக் குளிர வைத்துவிட்டு வேறொரு குழாய் வழியே திரும்பும். தள்ளும் குழாய்க்கு டிஸ்சார்ஜ் என்று பெயர், அழுத்தம் அதிகம். திரும்பும் குழாய்க்கு சக்சன், அழுத்தம் குறைவு. இந்த இரண்டு எண்களையும் செபமாலை முப்பத்தொரு ஆண்டுகள் மணிக்கு ஒருமுறை எழுதினார்.

அந்நாட்களில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலிருந்தாலும் ஆலையின் ஓசை கேட்கும். எங்களுக்கு அது ஒரே ஓசை. அவருக்கு அதில் பல ஓசைகள் இருந்தன. சோற்றில் கை வைத்தவர் திடீரென்று தலையைச் சாய்த்துக் கேட்பார். “ரெண்டாவது வால்வு தட்டுது” என்று சொல்லிக் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். ஆலைக்குப் போய் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வால்வு மூடியில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார். பெரும்பாலும் அவர் சொன்ன வால்வாகவே இருக்கும். படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும். அதற்கு முந்தைய நாட்களில் ஆலை மூச்சுவிடாமல் ஓடும். அந்த நாட்களில் அவருடைய சட்டையில் வந்த உப்பும் ஈரமும் கலந்த வாசனை இன்றும் அந்த நான்கு லாக் புத்தகங்களில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆவணத்தில் வாசனைக்குக் கட்டம் இல்லை.

டிஸ்சார்ஜ் முள் இருநூறை நெருங்கினால், சூட்டை வெளியேற்றும் கண்டென்சரைத் திறந்து கழுவச் சொல்பவர், தம் சொந்த அழுத்தத்தை ஒருமுறையும் அளந்து பார்த்ததில்லை. 2022 அக்டோபரில் கால் வீங்கி மருத்துவமனைக்குப் போனபோதுதான் முதன்முதலாக அளந்தார்கள். 210/120. அதற்குள் சிறுநீரகங்கள் இரண்டும் சுருங்கியிருந்தன.

டயாலிசிஸ் புதுக்கோட்டையில். வாரத்தில் இரண்டு நாள், புதனும் சனியும். இரண்டுமே படகு போகும் நாட்கள் என்பதால், அறந்தாங்கி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறும்போது அவர், “கடலுக்குப் போயிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போவார்.

தொடக்கத்தில் கழுத்தில் ஒரு குழாயைச் செருகி அதன் வழியே இரத்தத்தை எடுத்தார்கள். அது தற்காலிக ஏற்பாடு. நிரந்தர ஏற்பாட்டுக்குப் பிஸ்டுலா என்று பெயர். மணிக்கட்டில் ஒரு தமனியையும் அதன் பக்கத்துச் சிரையையும் நேரடியாக இணைத்துவிடுவார்கள். டாக்டர் ரகுநாத் இதை விளக்கியதும் செபமாலை மறுத்துவிட்டார். பயத்தால் அல்ல, தொழிலறிவால்.

“டிஸ்சார்ஜ் லைனையும் சக்சன் லைனையும் எவனாச்சும் நேரா கொண்டுபோய்ச் சேப்பானா? அப்படிச் சேத்தா கம்ப்ரசர் சும்மா சுத்திக்கிட்டே கெடக்கும். தொட்டிக்குக் குளிரு போகாது. மோட்டாரு சூடேறிச் செத்துப்போயிரும்” என்றார் புவனேஸ்வரியிடம்.

அடுத்த கட்டிலில் படுத்திருந்தவர் அரிமளத்துக் காத்தாயி. அறுபத்தைந்து வயது, ஆறு ஆண்டுகளாக டயாலிசிஸில் இருப்பவர். கயிறு முறுக்கியது போலப் புடைத்திருந்த தம் இடது கையைத் தூக்கிக் காட்டினார். “பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போ தம்பி. எதுக்கு மிஷினு மேல பழியப் போடுறே?”

“பயமெல்லாம் இல்லத்தா. முப்பது வருசம் பாத்த வேலை, தெரியாமயா பேசுறேன்?”

“என் கையப் பாரு. இதுல ஆறு வருசமா தண்ணி பாயுது. நான் சூடேறிச் செத்தா போயிட்டேன்?”

புவனேஸ்வரி மருந்து அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து அதன் பின்புறம் வரைந்து காட்டினார். அந்த அட்டை இன்றும் மருத்துவமனைக் கோப்பினுள் இருக்கிறது. இதயம் ஒன்றல்ல, ஒரே சுவருக்கு இருபுறமும் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பம்புகள். வலது பக்கம் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பும். இடது பக்கம் உடல் முழுவதற்கும் அனுப்பும். இரண்டிலும் ஒருவழி வால்வுகள் உண்டு.

“அப்ப எடது பக்கந்தான் பெரிய மோட்டாரு” என்றார் செபமாலை.

“ஆமாண்ணே. அந்தப் பக்கத்துச் சுவரு மூணு மடங்கு தடிமன். அதுலேர்ந்து கெளம்புற தமனியும் தடிமன். அழுத்தம் ஜாஸ்தி, ஆனா ஆழத்துல ஓடும். ஒவ்வொரு தடவையும் அதுல ஊசி போட முடியாது. சிரை மேலாக்க ஓடும், ஊசி போடலாம். ஆனா அழுத்தம் கம்மி. மிஷினுக்கு நிமிஷத்துக்கு எரநூத்தம்பது மில்லி ரத்தம் வேணும், அதால குடுக்க முடியாது. ரெண்டையும் சேத்துவிட்டா சிரைக்கு வேகம் வரும். ஆறு வாரத்துல அதோட சுவரும் தடிச்சிரும்.”

“கொழாய் தானா தடிக்குமா?”

“தடிக்கும்ண்ணே.”

“எங்க பைப்பு நாளாக நாளாகத் தேயத்தான் செய்யும் ஆத்தா. தடிச்ச பைப்ப நான் பாத்ததில்ல” என்று சொல்லி அட்டையைப் புவனேஸ்வரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டிசம்பர் 3, சனிக்கிழமை. டயாலிசிஸ் தொடங்கிய அரை மணியில் குளிரெடுத்துக் கட்டிலே ஆடும்படி நடுங்கினார். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வாழ்ந்த மனிதர் மூன்று போர்வைக்குள் கிடந்து நடுங்கியதைப் பொற்கொடி இன்றும் சொல்ல முடியாமல் பாதியில் நிறுத்திவிடுகிறார். கழுத்துக் குழாய் வழியே கிருமி போயிருந்தது. குழாயை எடுத்துவிட்டு மறுபக்கத்தில் புதிதாகப் போட்டார்கள். பத்து நாள் ஊசி மருந்து. டாக்டர் ரகுநாத் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இந்தத் தடவை தப்பிச்சிட்டீங்க. இன்னொரு தடவை கிருமி போனா, ரத்தத்தோட போய் இதயத்து வால்வுல உக்காந்துக்கும். வால்வு அரிச்சிப்போனா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.”

வால்வு என்ற சொல்லைக் கேட்டுச் செபமாலை கண்ணை மூடிக்கொண்டார். ஆனாலும் அறுவைக்கான ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடவில்லை. “வால்வு போனாலும் கொல்லும், லைனச் சேத்தாலும் கொல்லும். எதுல சாகுறதுன்னு மட்டும் நானே முடிவு பண்ணிக்கிறேன், சார்.”

அப்போதுதான் பொற்கொடி வாய் திறந்தார். பதினெட்டு ஆண்டுகள் ஆலைக்குக் காலைப் பலகாரம் கொண்டுபோனவர் அவர். இட்லித் தூக்கோடு வாசலில் நின்று, அவர் மிஷினை ஓட்டிவிடும்வரை காத்திருந்தவர்.

“ஏங்க, காலையில மிஷினு எடுக்கும்போது ஒரு சக்கரத்தத் திருப்பித் தொறந்து விட்டுட்டுத்தானே சுவிச்சப் போடுவீங்க? அது என்னது?”

செபமாலை போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“சொல்லுங்க. சேப்புப் பெயிண்ட் அடிச்ச சக்கரம்.”

“பைபாஸு.”

“அது எதையும் எதையும் சேக்குது?”

“டிஸ்சார்ஜையும் சக்சனையும்.”

காத்தாயி தம் கட்டிலில் கிடந்தபடியே சிரித்தார். “முப்பது வருசம் பாத்த வேலையாம்ல!”

“அது ரெண்டு நிமிஷத்துக்குத்தான். மோட்டாரு பாரமில்லாம கெளம்பணும்னு தொறக்குறது. அப்புறம் மூடிருவோம்” என்றார் செபமாலை. குரல் இறங்கியிருந்தது.

“மூட மறந்தீங்களே ஒருநா. எங்க அண்ணன் கல்யாணத்தன்னிக்கி. கால்வாசி தொறந்தபடி மத்தியானம் வரைக்கும் ஓடுச்சு. ஐஸு லேட்டாச்சு. மிஷினு செத்தா போச்சு?”

அந்த நாளின் பதிவை நான் தேடிப் பார்த்தேன். 2009ஆம் ஆண்டுப் புத்தகம், ஜூன் 24, காலை ஏழு மணி முதல் பன்னிரண்டு மணிவரை ஆறு வரிகள். டிஸ்சார்ஜ் வழக்கத்தைவிடக் குறைவாகவும் சக்சன் சற்று அதிகமாகவும் இருக்கின்றன. குறிப்புக் கட்டத்தில் அவருடைய கையெழுத்தில், ‘பைபாஸ் சிறிது திறந்திருந்தது. மூடப்பட்டது. வேறு சேதம் இல்லை.’

செபமாலை டாக்டர் பக்கம் திரும்பினார். “சேக்குற வாய் எத்தன மில்லி சார்?”

“அஞ்சு, ஆறு மில்லி மீட்டர்.”

“கால் திருப்புக்கும் கீழ.” தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். “மோட்டாரு தாங்குமா?”

“எக்கோ எடுத்துப் பாத்துட்டோம். கொஞ்சம் கூடுதலா வேலை செய்யும். தாங்கும். வருசா வருசம் மறுபடி பாப்போம்.”

“சரி, கொடுங்க. ஆனா ஒண்ணு. ஆபரேஷன் முடிஞ்சதும் அதுல காது வச்சுக் கேக்க என்னய விடணும்.”

டிசம்பர் 20 அன்று அறுவை முடிந்து, கட்டுக்கு மேலே ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் புவனேஸ்வரி அவர் காதில் மாட்டிவிட்டார். நெடுநேரம் கேட்டார். பிறகு மனைவியைப் பார்த்து, “ஏ புள்ள, பிளாண்ட் ஓடுது” என்றார்.

அதன்பின் சிரை பருக்க வேண்டும் என்று ஏழு வாரங்கள் இடது கையில் ஒரு பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தார். கடிகாரம் வலது கைக்கு மாறியது. இடது கையில் பை தூக்கவில்லை. அதில் இரத்த அழுத்தம் பார்க்க யார் வந்தாலும் விரட்டினார். 2023 பிப்ரவரி 8, புதன்கிழமை முதல் ஊசி போட்டார்கள். சிரையின் சுவர் தடித்திருந்தது; மிஷின் கேட்ட இரத்தத்தைக் கொடுத்தது. அடுத்த வாரம் கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். தம் விரலால் அந்தத் தடிப்பைத் தடவிப் பார்த்த செபமாலை காத்தாயியிடம், “பைப்பு தடிச்சிருக்குத்தா” என்று சொன்னதாகச் சித்தியும் புவனேஸ்வரியும் சொல்கிறார்கள். “ஒனக்குச் சொன்னா நம்ப மாட்டியே” என்றாராம் காத்தாயி. காத்தாயி இறந்து ஓராண்டு ஆகிறது.

பிஸ்டுலா சரியாக இருந்தால் தோலுக்கு மேல் விரல் வைத்தாலே ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுபோனால் உள்ளே இரத்தம் உறைந்துவிட்டதென்று பொருள். சில மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குளிர்ச்சி பட்டால் குழாய் சுருங்கும் என்பதால் ஐஸ் பிளாண்டுக்குள் நுழையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே ஆலையில் இப்போது நிலவழகன் ஆபரேட்டராக இருக்கிறார். செபமாலை மாலையில் சாலையின் எதிர்ப்புறம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஓசையைக் கேட்பார். எப்போதாவது நிலவழகனைக் கூப்பிட்டு, “தம்பி, இங்கிட்டு வா. மூணாவது வால்வப் பாரு” என்பார். அந்த நேரங்களில் அவர் முகத்தில் இருப்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவருடைய மூன்று நோட்டுகளும் ஆலை லாக் புத்தகத்தைப் போலவே கோடு போடப்பட்டவை. தேதி, மேல் பிரஷர், கீழ் பிரஷர், நாடி, அதிர்வு, குறிப்பு. காலையில் எழுந்ததும் இடது மணிக்கட்டைக் காதோடு சேர்த்துக் கேட்டுவிட்டு ஒரு வரி எழுதுவார். அதிர்வுக் கட்டத்தில் ‘ஓடுது’ என்ற ஒரே சொல்தான் இருக்கும்.

2025 ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நின்றன. ஐஸ் தேவைப்படவில்லை, கம்ப்ரசரைக் கழற்றிப் போட்டு வால்வுகளை மாற்றினார்கள். தெரு அமைதியாக இருந்தது. நிலவழகனிடம் ஆலையின் அந்த ஆண்டு லாக் புத்தகத்தை இரவல் வாங்கி, செபமாலையின் நோட்டோடு அருகருகே வைத்து அந்நாட்களின் பதிவுகளை எண்ணினேன்.

ஆலை லாக் புத்தகத்தில் பதிவுகள்: 0.

செபமாலையின் நோட்டில் ‘ஓடுது’ என்ற பதிவுகள்: 61.