ரமாபாய் சுற்றி வந்த தீவு

தண்டையார்பேட்டையில் ஒரு சின்னப் பூங்காவுக்குக் காவல் ரமாபாய். வயது ஐம்பத்து மூன்று. வியாசர்பாடி குடியிருப்பிலிருந்து விடியுமுன் வந்து கேட்டைத் திறப்பாள். செடிகளுக்குத் தண்ணீர் விடுவாள். குழந்தைகளின் ஊஞ்சலில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முகதாட்சண்யம் பார்க்காமல் எழுப்பிவிடுவாள். பதினோரு வருஷமாக இதே வேலை. செவ்வாய்க்கிழமை விடுப்பு. அன்றைக்கு என்ன செய்வாள் என்று கேட்டால் பலருக்குச் சிரிப்பு வரும். வேறு பூங்காக்களைப் பார்க்கப் போவாள்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு பிடித்த பைத்தியம் அது. ராயபுரம், திருவொற்றியூர், காலடிப்பேட்டை என்று ஒன்று விடாமல் பார்த்தாகிவிட்டது. எங்கே நிழல் நன்றாக விழுகிறது, எங்கே கழிப்பறையைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் மலிகா தினமும் காலையில் அந்தப் பூங்காவுக்கு நடக்க வருவாள். ஒருநாள் பாதி நடையை விட்டுவிட்டு நேரே ரமாபாயிடம் வந்தாள்.

"அக்கா, நெட்டுக்குப்பத்துக்கு எதிர்த்தாப்ல ஒரு தீவு கீதாம். சின்னதுதான். அங்க பார்க்கு போட்டு, நடக்கறதுக்குப் பாதையும் வுட்டுகீறாங்களாம்."

"தண்ணிக்கு நடுவுலயா பார்க்கு?"

"அத்ததான் சொல்றேன்."

அன்று முழுவதும் ரமாபாய்க்கு வேலை ஓடவில்லை.

செவ்வாயன்று எபினேசர் என்ற மீனவர் தன் படகில் இருவரையும் தீவில் இறக்கிவிட்டார். "ரெண்டு மணிக்கு இங்க வந்துடுங்க. அப்பால தண்ணி வத்திடும், படகு தரை தட்டும்" என்றார்.

பூங்கா கையகலம்தான். நாலு வேப்பங்கன்று, ஒரு பெஞ்சு, இரண்டு ஊஞ்சல். ரமாபாய் வழக்கப்படி ஊஞ்சல் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். காவலுக்கு யாரும் இல்லை. சட்டென்று தானே ஏறி உட்கார்ந்து காலை உந்தினாள். மலிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அங்கிருந்து சவுக்கு மரங்களுக்கு நடுவே பாதை போனது. இரண்டு பக்கமும் மஞ்சள் அடித்த கற்கள். அரை மணி நேரத்தில் ஒரு மண்கரையில் கற்கள் நின்றுவிட்டன.

"முடிஞ்சிடுச்சிக்கா, திரும்பலாம்" என்றாள் மலிகா.

ரமாபாய் குனிந்து பார்த்தாள். ஈர மண்ணில் காலடித் தடங்கள் மேலே போயிருந்தன. "பாதை முடியல மே. கல்லுதான் முடிஞ்சிகீது."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் கரைமேல் நடந்தார்கள். கால் வைக்கும் இடமெல்லாம் நண்டுகள் வளைக்குள் ஓடின. அலையாத்தி மரங்களுக்குக் கீழே மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, வாயில் ஓலைப்பெட்டியைக் கவ்வியபடி ஒரு பெண் கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"எங்க போறீங்க?"

"தெரியலம்மா, சும்மா பாக்கத்தான்" என்றாள் ரமாபாய்.

அந்தப் பெண்ணுக்கு இந்தப் பதில் பிடித்துவிட்டது போலிருக்கிறது. "நேரா போனா கடலு வரும். கடல வலது கை பக்கம் வெச்சிகினு நடங்க, படகு எடத்துக்கே போயிடலாம்."

புதர் விலகியதும் கடல் முன்னால் விரிந்தது. கரையோரத்து ஆழமில்லாத நீரில் நூறு பூநாரைகளாவது இருக்கும். அவற்றுக்குப் பின்னால், தூரத்தில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். மலிகா போனை எடுப்பதற்குள் பறவைகள் மொத்தமாக எழும்பின. வெள்ளை இறக்கைகளுக்கு அடியில் அத்தனை சிவப்பு இருக்குமென்று ரமாபாய் நினைத்ததே இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவை போகும் திக்கிலேயே மணலில் ஓடினாள். தான் ஓடி எத்தனை வருஷமாயிற்று என்பது மூச்சு வாங்க நின்ற பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மணி இரண்டே காலுக்கு எபினேசர் கவலையோடு சவுக்குத் தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுப் பக்கம் ரமாபாயின் குரல் கேட்டுத் திரும்பினார்.

"இன்னாக்கா, போனது அந்தப் பக்கம், வர்றது இந்தப் பக்கம்?"

"சுத்திட்டோம்பா. முழுத் தீவையும் சுத்திட்டோம்."

படகு தரை தட்டிவிட்டிருந்தது. முட்டிவரை சேற்றில் இறங்கி மூவரும் தள்ளினார்கள்.

மறுநாள் காலை பூங்காவுக்கு நடக்க வந்த ஒருவரையும் ரமாபாய் விடவில்லை. குச்சியால் மண்ணில் தீவை வரைந்து காட்டினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை நெட்டுக்குப்பத்தில் ஒன்பது பெண்கள் சாப்பாட்டு மூட்டையோடு வந்து நின்றார்கள். படகு இரண்டு நடை போக வேண்டியிருந்தது. முதல் நடையில் ஏறிய ரமாபாய், எபினேசர் கத்துவதைக் காதில் வாங்காமல், கரை சேருமுன்பே தண்ணீரில் குதித்தாள்.