மலைக்கு முன்னால் ஒரு விறகுச் சுமை

இரண்டு வருடத்துக்கு முன்பு, பௌர்ணமிக்கு முதல் நாள் காலை. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருக்கும் என் இட்லிக் கடையில் மறுநாள் கூட்டத்துக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கேமராவும் குடையுமாக நாலு பேர் வந்து நின்றார்கள். மக்கள் எதை எரித்துச் சமைக்கிறார்கள், கரண்டுக்கு என்ன செய்கிறார்கள் என்று ஆவணப்படம் எடுக்கிறார்களாம். ஆசிரமம் பக்கம் மாடியில் சோலார் போட்ட விடுதிக்காரரிடம் பேட்டி எடுத்துவிட்டு, நேராக என் விறகு அடுப்பைத் தேடி வந்திருக்கிறார்கள்.

படத்தில் வரப்போகிறோம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ப் பச்சைப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தேன். இயக்குநருக்கு முகம் சுருங்கிவிட்டது. பழைய புடவையே போதும் என்றார். பக்கத்திலிருந்த கேஸ் அடுப்பைச் சாக்குப் போட்டு மூடச் சொன்னார். சரி, போகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். கடைசியில், தலையில் விறகுச் சுமையோடு, மலை பின்னால் தெரிகிற மாதிரி நடந்து வரச் சொன்னார் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்களுக்கு அந்த மலைதான் சாமி. அதில் ஒரு சுள்ளிகூட ஒடிக்க மாட்டோம். கோடையில் மலையில் தீப்பிடித்தால், பச்சைத் தழைக் கட்டோடு அடித்து அணைக்க முதல் ஆளாக ஓடுவது என் கணவர்தான். என் அடுப்பில் எரிவது கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து வண்டியில் வரும் சவுக்கு விறகு.

“நான் தூக்க மாட்டேங்க. மலையில வெட்டி எடுத்தாறேன்னு நெனச்சுக்குவாங்க. சாமி மேலயே கை வெச்சவகிட்ட எவன் இட்லி வாங்குவான்?” என்றேன்.

சும்மா ஒரு காட்சிதானே என்றார் அவர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கேமரா பிடித்திருந்த பெண் அப்போதுதான் வாய் திறந்தாள். வடசென்னையில், அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளாம். “எங்க ஏரியாவையும் இப்படித்தான் சார் எடுப்பாங்க. சாம்பலுக்கு நடுவுல நில்லுன்னுவாங்க. ஒரு வார்த்தை பேச விட்டதில்ல,” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க என்னக்கா சொல்லணும்?”

அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி கொட்டித் தீர்த்தேன். புகை எனக்கு மட்டும் என்ன இனிக்கிறதா? கண்ணெல்லாம் எரிகிறது. வாடகைக் கடையின் தகரக் கூரையில் சோலார் வைக்க யார் விடுவார்கள்? பௌர்ணமிக் கூட்டத்துக்கு கேஸை மட்டும் நம்பினால் கட்டுப்படியாகுமா? இயக்குநரும் கெட்டவர் இல்லை. குடையை மடக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டார். பிறகு கேஸ் அடுப்பின் சாக்கை எடுக்கச் சொல்லி, பட்டுப் புடவையையே கட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

ஆனாலும் வெட்டி ஒட்டி என்ன செய்வார்களோ என்று எனக்குப் பயம்தான். சில மாதம் கழித்து, டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் படத்தைப் போட்டுக்காட்டினார்கள். நாத்தனார் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் மலை வந்தது. அதற்கு முன்னால் பச்சைப் பட்டில், கையில் கரண்டியோடு நான். பக்கத்தில் இரண்டு அடுப்பும் இருந்தன. நான் பேசியதை என் குரலிலேயே விட்டிருந்தார்கள். கீழே என் பெயர், அதற்கடியில் ‘இட்லிக் கடை உரிமையாளர்’ என்று போட்டிருந்தது.

“ஏ முதலாளியம்மா! இனிமே உன்கிட்ட ஓசி இட்லி கேக்க முடியாது போலருக்கே!” என்று நாத்தனார் என் தொடையில் ஒரு போடு போட்டாள். அழுதுகொண்டே சிரித்தேன்.

இப்போதும் தினமும் விடியற்காலையில், அடுப்புப் பற்றவைக்கும் முன் மலையைப் பார்த்துக் கும்பிடுகிறேன். கூசாமல் நிமிர்ந்து பார்த்துக் கும்பிட முடிகிறதே என்று தோன்றும்போதெல்லாம், என்ன சொல்லணும் என்று என்னைக் கேட்ட அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் முதலில் வேண்டிக்கொள்கிறேன்.