செல்வி அக்கா படகில் இனி வலை ஏறாது

எங்கள் ஊர் சிம்பாங் ரெங்கத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைத் தோட்டம்தான். விடுமுறை வந்தால் சிங்கப்பூருக்கு ஓடுவோம். சென்ற பள்ளி விடுமுறையில் என் மனைவி கவிதா கறாராகச் சொல்லிவிட்டாள்: "எத்தனை தடவ அங்கயே போறது? நம்ம ஜொகூர்லயே கடல் இருக்குலா!" சனிக்கிழமை காலை 6.30க்குக் கிளம்பி, பொந்தியான் தாண்டி 92 கி.மீ. ஓட்டி, 8.15க்கு ஒரு மீனவக் கம்பத்தை, அதாவது கிராமத்தை, அடைந்தோம்.

மீன் வரத்து குறைந்ததும் கம்பத்துக் குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய படகுச் சுற்றுலா இது. அலையாத்திக் காட்டை இரண்டு மணி நேரம் சுற்றிக் காட்ட ஆளுக்கு 35 ரிங்கிட். படகுகள் முறைவைத்துப் போகும். சுற்றுலாப் படகில் வலை வீசக் கூடாது, வீசினால் முறை பறிபோகும்.

எங்களுக்கு வாய்த்தவர் செல்வி அக்கா. காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, மீனவருக்கு வாக்கப்பட்டவர். புருஷனுக்கு முதுகு போய்விட்டது, இனி கடலுக்குப் போக முடியாது. இந்தப் படகு முறைதான் வீட்டுக்குச் சோறு. அன்றுதான் முதன்முதலாகத் தனியாக ஆள் ஏற்றினார்.

பறவைகளை அழகாகக் காட்டிக்கொண்டே வந்தார். திடீரென்று தண்ணீரில் மடவை மீன் கூட்டம் துள்ளியது. படக்கென்று இன்ஜினை நிறுத்தி, "சத்தம் போடாதீங்க!" என்று அதட்டி, காலடியில் கிடந்த வலையை வீசியே விட்டார். படகு சாய்ந்தது. நான் அலறினேன், கவிதாவின் கைப்பை நனைந்தது. வலை நிறைய மீன்.

அப்புறம்தான் எங்களைப் பார்த்தார். "அலமாக்! ஆளு இருக்கிறதே மறந்துட்டேன் தம்பி." முகம் செத்துவிட்டது. மீனை உடனே தண்ணீரில் விட்டார். நாங்கள் வாய் திறப்பதில்லை என்று கண்ணாலேயே பேசிக்கொண்டோம்.

படகுத்துறையில் கம்பத்துத் தலைவர் பக் லோங், பயணம் எப்படி என்று மலாயில் கேட்டார். நான் வாயெடுக்கும் முன் அக்கா முந்திக்கொண்டார்: வலை வீசினேன், தப்பு என்னுடையது. முறை பறிபோகும் என்று தெரிந்தும், யாரும் கேட்காமலே சொன்னார். கவிதா சட்டென்று, "நாளைக்கும் எங்களுக்கு இவங்க படகுதான் வேணும்," என்று மலாயில் சொன்னாள். முறை இருக்கட்டும், வலை கரையில் இருக்கட்டும் என்றார் பக் லோங். தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி இவ்வளவு நேர்மையாக நின்றாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: முன்பதிவு செய்துவிடுங்கள், நீர் ஏறும் நேரத்தைக் கேட்டு வையுங்கள். ஹோம்ஸ்டே ஓர் இரவுக்கு 80 ரிங்கிட், காலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் சேர்த்து. தொப்பி அவசியம்.

ஞாயிற்றுக்கிழமையும் மடவை துள்ளியது. அக்காவின் கை தானாகக் காலடிக்குப் போய், வெறும் பலகையைத் தடவியது. "பாருங்க தங்கச்சி, இன்னிக்கு மீனுக்கும் லீவு," என்று சிரித்தார். இன்ஜின் நிற்கவில்லை.